கள்ளியின் பெயர் டொறீன்

பலாபத்வலையில் ரோட்டோரம் இருந்த அந்த ஸ்பைஸ் கார்டனில் டொறீனைப் போல நாணயமான பிள்ளை கிடையாது என்று எல்லாரும் சொல்வார்கள். சொல்லி முடித்த கையோடு, சாயங்காலம் அவள் பையைத் திறந்து பார்ப்பார்கள்.

அவளுக்கு வேலை விற்பனைக் கூடத்தில். வான் வண்டியில் வந்து இறங்கும் வெள்ளைக்காரர்களுக்கு வழிகாட்டி ஜுனைதீன் கறுவாவையும் மிளகுக் கொடியையும் சாதிக்காயையும் காட்டி, கதை சொல்லி, கடைசியில் அந்தக் கூடத்துக்குள் கொண்டுவந்து விடுவார். டொறீன் மூலிகைத் தேநீரை ஊற்றிக் கொடுத்துவிட்டு, எண்ணெய்க் குப்பிகளையும் களிம்புகளையும் முன்னால் எடுத்து வைப்பாள். யட்டவத்தைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். அப்பா போன பிறகு பள்ளிக்கூடத்தை விட்டு, சில வருஷம் கொழுந்து எடுத்து, தானாகவே இங்கிலீஷ் படித்துக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வந்தவள். இந்த வேலை போனால் மறுபடியும் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏற வேண்டியதுதான். முழங்கால் தேய்ந்து வீட்டோடு கிடக்கும் அம்மா சவரியம்மாவுக்கும் அவளுக்கும் அந்தச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

மனேஜர் வின்சன்ட் மாத்தளை டவுன்காரர். டொறீன் போகும் அதே மாதா கோயிலுக்குத்தான் அவரும் போவார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் காணிக்கைப் பையை நீட்டிக்கொண்டு வருகிறவரே அவர்தான். அந்தப் பைக்குள் டொறீன் கையை விடும்போது மட்டும் அவர் கண் அவள் கையைப் பார்க்காது. மற்ற நாளெல்லாம் பார்க்கும். வேலை முடிந்து போகும்போது தேயிலைத் தோட்டத்து ஆட்களின் பையை வாசலில் திறந்து பார்க்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். தோட்டத்து ஆட்கள் என்றால் டொறீனும், புல் வெட்ட வருகிற இரண்டு பெண்களும். டவுனிலிருந்து வருகிறவர்களின் பைக்கு அந்தச் சட்டம் கிடையாது. கேட்டால், "நாடு கிடக்கிற கெடையில பாதுகாப்புப் பாக்க வேணாமா?" என்பார். தோட்டத்திலிருந்து வரும் பைக்குள் மட்டும்தான் நாட்டுக்கு ஆபத்து ஒளிந்திருக்கும் போல.

ஒருநாள் ஒரு ஜெர்மன்கார அம்மா கை கழுவும் இடத்தில் தங்கச் சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டார். டொறீன் அதை எடுத்துக்கொண்டு ரோடு வரைக்கும் ஓடிப்போய், வான் வண்டியை மறித்துக் கொடுத்தாள். வின்சன்ட் எல்லாரையும் கூப்பிட்டு வைத்து அவளைப் பாராட்டினார். அன்று சாயங்காலமும் வாசலில் அவள் பை திறக்கப்பட்டது. பனைமரத்தடியில் நின்று பால் குடித்தாலும் கள் என்பார்கள், சரி. பாலை ஊற்றிக் கொடுத்தவர்களே அப்படிச் சொன்னால் எங்கே போய் அழுவது? டொறீன் அழவில்லை. சிரித்துக்கொண்டே பையைத் திறந்து காட்டினாள். அந்தச் சிரிப்பு அவளுக்கே பிடிக்கவில்லை.

கட்டுநாயக்கா விமான நிலையத்தைப் புலிகள் தாக்கி விமானங்கள் எரிந்த வருஷம் அது. அதற்குப் பிறகு வெள்ளைக்காரர் வரத்து நின்றே போனது. கூடத்தில் குப்பிகளைத் துடைப்பதும், துடைத்ததைத் திருப்பித் துடைப்பதும்தான் வேலை. அந்தச் சும்மா கிடந்த நாட்களில்தான் புத்தகம் வெளியே வந்தது.

முன்பொரு தடவை வந்த வெள்ளைக்காரப் பொடியன்கள் விட்டுவிட்டுப் போன தடித்த புத்தகம் அது. கூடவே ஒரு சின்னப் பையில் பல முகம் வைத்த விசித்திரமான பகடைகள். ஜுனைதீன் அப்போதே சீகிரியாவில் அவர்கள் தங்கியிருந்த ஹோட்டலுக்குப் போன் பண்ணிக் கேட்டிருந்தார். சுமை குறையட்டும் என்றுதான் விட்டோம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்ததாம். இப்போது அதைப் பக்கம் பக்கமாகப் படித்துவிட்டு வந்து மேசையில் வைத்தார். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை உண்டாக்கிக்கொண்டு அந்தக் கதைக்குள் நடமாட வேண்டும். என்ன செய்கிறாய் என்று அவர் கேட்பார், அவர்கள் சொல்வார்கள், நடந்ததா இல்லையா என்பதைப் பகடை தீர்மானிக்கும், பெரிய எண் விழுந்தால் நடந்தது. பூதம், கோட்டை, மந்திரம் எல்லாம் உண்டு.

"ஆனா பகடைய நான் தொட மாட்டேன். எங்களுக்கு அது ஹராம்," என்றார் ஜுனைதீன். "சீட்டுக் குலுக்கி எடுக்கிறதுன்னா குத்தமில்ல."

அதற்கு வழி சொன்னவன் நோபர்ட். வெள்ளைக்காரர்களுக்குத் தோளில் எண்ணெய் தேய்த்துக் காட்டுகிறவன் அவன், டவுன் பிள்ளை. மாதா கோயில் திருவிழாவில் டொம்போலா நடத்தும்போது நம்பர் கூப்பிடுகிறவனும் அவனே. கோயில் சாமான் அறையிலிருந்து டொம்போலா பையைக் கேட்டு வாங்கி வந்து, ஒன்றிலிருந்து இருபது வரையுள்ள மரக்காய்களை மட்டும் எடுத்துப் போட்டான். கையை விட்டு ஒன்றை எடுக்க வேண்டியது, வந்த நம்பரைக் கூப்பிட வேண்டியது, காயை மேசையில் வரிசையாக அடுக்க வேண்டியது. டொம்போலாவில் எடுத்த காயைத் திரும்பப் பைக்குள் போடுகிற வழக்கம் இல்லை. பை காலியான பிறகுதான் எல்லாவற்றையும் அள்ளிப் போடுவார்கள். பகடையில் அப்படி இல்லை, ஒவ்வொரு தடவையும் எல்லா எண்ணுக்கும் இடமுண்டு என்பது அங்கே யாருக்கும் உறைக்கவில்லை. திருவிழாப் பழக்கம் அப்படியே வந்து ஒட்டிக்கொண்டது.

பாத்திரம் தெரிவு செய்யும்போதே சண்டை வந்துவிட்டது. நோபர்ட் குதிரை வீரன் என்றான். காசுப் பெட்டியில் உட்காரும் மஸீனா சூனியக்காரி என்றாள். பிறகு மூன்று பேரும் டொறீனைப் பார்த்தார்கள்.

"வைத்தியக்காரி," என்றாள் மஸீனா. "காயத்துக்கு மருந்து போடுற ஆளு ஒண்ணு கட்டாயம் வேணும். ஒங்களுக்கு நல்லாப் பொருந்தும் அக்கா."

"டொறீனுக்கு அதுதான் சரி," என்றான் நோபர்ட். "தங்கமான மனசு."

டொறீன் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துப் பக்கங்களைத் திருப்பினாள். ஒரு படத்தில் ஒருத்தி சுவரோடு சுவராக நின்றாள். தலையில் முக்காடு, கையில் ஒரு கொத்துக் கம்பி. அவள் முகத்தில் யாருக்கும் சிரித்துக் காட்டுகிற அவசியம் இருக்கவில்லை.

"இவ யாரு, ஜுனைதீன் நானா?"

ஜுனைதீன் எட்டிப் பார்த்தார். "அது கள்ளி. பூட்டுத் திறப்பா, மதில் ஏறுவா, பொறி இருக்கா இல்லையான்னு முன்னுக்குப் போய்ப் பாப்பா. யார் கண்ணுலயும் பட மாட்டா."

"நான் இவதான்."

"அப்ப அடிபட்டா யாரு பாக்கிறது?" என்று கேட்டான் நோபர்ட்.

"அடிபடாம இருங்க."

ஜுனைதீன் சிரித்துவிட்டார். புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துக் கேள்வி கேட்டார். முதலில் இனம். காட்டில் வாழும் நெட்டையர் உண்டு, குள்ளர் உண்டு, சாதாரண மனிதரும் உண்டு. டொறீன், "மலையில இருந்து எறங்கி வர்ற சனம் எது?" என்று கேட்டாள். குள்ளர்தான் மலையைக் குடைந்து வாழ்கிறவர்கள் என்றார் அவர். அப்படியானால் குள்ளச்சி. அடுத்தது ஆற்றல்கள். ஆறு காய்களை எடுத்து, வந்த எண்களை விருப்பப்படி பங்கிட வேண்டும். ஆகப் பெரிய எண்ணை நோபர்ட் அழகுக்குப் போடச் சொன்னான், மஸீனா விவேகத்துக்குப் போடச் சொன்னாள். டொறீன் அதைக் கைவேகத்துக்குப் போட்டாள். கொழுந்து கிள்ளிய கை வேறு எதற்குப் போடும்? ஆகச் சின்ன எண்ணைப் பணிவுக்குப் போடலாமா என்று கேட்டாள். அப்படி ஓர் ஆற்றல் புத்தகத்திலேயே இல்லை என்றார் ஜுனைதீன். நல்ல புத்தகம் என்று அவளுக்குப் பட்டது.

"சரி, அவ ஏன் கள்ளியானா? காரணம் ஒண்ணு சொல்லணும்."

"அப்பாவுக்கு வருத்தம், மருந்து வாங்க வழியில்ல," என்று எடுத்துக் கொடுத்தான் நோபர்ட். "இல்லாட்டி, தம்பி தங்கச்சி பட்டினி."

"ஒண்ணும் வேணாம்," என்றாள் டொறீன். குரல் கொஞ்சம் உயர்ந்தே வந்தது. "பசியும் இல்ல, வருத்தமும் இல்ல. அவளுக்குத் தெறம இருக்கு. அதனால கள்ளி. அவளப் பாத்து யாரும் ஐயோ பாவம்னு சொல்லத் தேவையில்ல."

பெயர் என்ன என்று கேட்டார். நோபர்ட்டின் வீரனுக்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று இருந்தது. மஸீனா நட்சத்திரத்தின் பெயரை வைத்திருந்தாள்.

"டொறீன்."

"சொந்தப் பேர வைக்க ஏலாது, அக்கா," என்றாள் மஸீனா. "கள்ளிக்குப் போய் ஒங்கட பேரா?"

"ஏன் ஏலாது? நல்ல பிள்ளைக்கு வச்சு இத்தன வருஷம் என்னத்தக் கண்டேன்?"

ஜுனைதீன் அந்தப் பெயரையே எழுதிக்கொண்டார். அன்று சாயங்காலமும் பை திறக்கப்பட்டது.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னாள். சவரியம்மா செபமாலையைக் கீழே வைத்துவிட்டு, "ஏழாம் கட்டள தெரியுமில்ல? களவு செய்யாதிருப்பாயாக," என்று அதட்டினார். விளையாட்டுத்தானே அம்மா என்றாள் இவள். கிழவி அடுப்புக்குள் விறகைத் தள்ளினார். பிறகு அடுப்பைப் பார்த்தபடி, "பிடிபடலியே?" என்று கேட்டார்.

இல்லை, பிடிபடவில்லை. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு தினமும் விளையாடினார்கள். மற்ற இரண்டு பேரும் முந்தியடித்துக்கொண்டு பைக்குள் கையை விட்டார்கள். கதவைக் கண்டால் நோபர்ட் முட்டுவான், நிழலைக் கண்டால் மஸீனா மந்திரம் போடுவாள். டொறீன் பின்னால் நின்றாள். மேசையில் வரிசையாகக் கிடக்கும் காய்களைப் பார்த்தாள். சின்ன எண்கள் நிறைய வெளியே வந்துவிட்டால், பைக்குள் மிச்சம் இருப்பவை பெரியவை. அப்போதுதான் அவளுடைய கள்ளி வாயைத் திறப்பாள். பூட்டுத் திறக்கும், மதில் தாண்டும், பூதத்தின் இடுப்பிலிருந்து சாவி கழன்று வரும். டொறீனுக்கு அதிர்ஷ்டம் என்று நோபர்ட் பொருமினான். அதிர்ஷ்டமும் இல்லை, மண்ணும் இல்லை. காய்கள் எல்லார் கண்ணுக்கும் முன்னால்தான் கிடந்தன. அவள் பார்த்தாள், அவர்கள் பார்க்கவில்லை.

அப்படியே போய்க்கொண்டிருந்த கதை ஒரு கோட்டை வாசலுக்கு வந்து சேர்ந்தது. ஜுனைதீன் நல்ல கதைகாரர்தான். ஆனாலும் எந்தக் கதைகாரரும் கண்ணில் படுவதிலிருந்துதானே எடுப்பார். "வாசல்ல காவல்காரன் நிக்கிறான்," என்றார். "குதிர வீரனப் பாத்து சலாம் போட்டு உள்ளுக்கு விடுறான். சூனியக்காரியையும் விடுறான். குள்ளச்சியக் கண்டதும் ஈட்டிய குறுக்கால நீட்டுறான். பையத் திறன்னு சொல்றான்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே விளங்கியது. மஸீனா மேசையைப் பார்த்தாள். டொறீனுக்கு முகம் சுட்டது. இங்கேயுமா? பூதமும் மந்திரமும் இருக்கிற ஊரில்கூட என் பையைத்தானா?

நோபர்ட்டுக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. "திறந்து காட்டிட்டு வாவேன் டொறீன். நேரம் போகுது. மடியில கனமில்லாட்டி வழியில என்ன பயம்?"

பழமொழி நல்ல பழமொழிதான். மடியை யாரும் தடவிப் பார்க்காதவர்கள் சொல்லும்போது மட்டும் நாறுகிறது. டொறீன் அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு காய்களின் வரிசையைப் பார்த்தாள். சின்னது அத்தனையும் வெளியே கிடந்தது.

"நான் திறக்க மாட்டேன்," என்றாள். "காவல்காரன்கிட்ட சொல்றேன். மொதல்ல அந்தக் குதிர மேல போறவரோட பெட்டியத் திற. அப்புறம் சூனியக்காரியோடத. கடசியா ஒன்னோட எசமானோடத. எல்லாத்தையும் பாத்துட்டு என்கிட்ட வா."

கையை விட்டு எடுத்தாள். பத்தொன்பது.

ஜுனைதீன் பெருமூச்சு விட்டார். "காவல்காரன் குதிர வீரனக் கூப்பிடுறான்," என்றார். "பெட்டியக் கீழ எறக்குங்கங்கிறான்."

"இது என்ன கூத்து! என்னைய ஏன் பாக்கணும்?" என்று துள்ளினான் நோபர்ட். மஸீனா கைதட்டிச் சிரித்தாள். டொறீன் சிரிக்கவில்லை. கதைக்குள் அவள் சொன்னது ஒன்றும் மந்திரம் இல்லை. சாதாரணத் தமிழ். அதை வெளியே சொல்ல மட்டும் இத்தனை வருஷம் நாக்கு எங்கே போயிருந்தது என்று நினைத்தாள். நினைக்க நினைக்கக் கோபம் ஏறியது, முதலில் வின்சன்ட் மேல், பிறகு தன் சிரிப்பின் மேல்.

சாயங்காலம் வாசலில் காவல்காரர் அந்தோனிமுத்து வழக்கம் போல மேசையைத் தட்டினார். அவரும் தோட்டத்திலிருந்து வந்தவர்தான். பாவம், சொன்னதைச் செய்கிறவர். டொறீன் பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

"இன்னைக்குத் திறக்க மாட்டேன் மாமா."

"ஏம்மா, வெளையாடாத. மனேஜர் சேர் பாக்கிறாரு."

"பாக்கட்டும். எல்லார் பையையும் திறந்தா நானும் திறக்கிறேன். எல்லார் பையையும். சேரோடதும் சேத்துத்தான்."

இங்கே மேசையில் காய்கள் அடுக்கிக் கிடக்கவில்லை. பைக்குள் பெரிய எண்தான் மிச்சம் என்று சொல்ல ஆளில்லை. ஒன்று வந்தால் ஒன்றுதான். மலையும் கூடையும் அட்டைக்கடியும் கண்முன்னே வந்து நின்றன. அம்மாவின் முழங்காலும் வந்து நின்றது. ஆனாலும் கை பையின் வாரை விடவில்லை.

வின்சன்ட் காரியாலயத்திலிருந்து இறங்கி வந்தார். "அப்ப பைக்குள்ள ஏதோ இருக்கு."

"இருக்கலாம் சேர். நோபர்ட்டோட பைக்குள்ளயும் இருக்கலாம். பாத்தீங்களா?"

"நோபர்ட் நல்ல குடும்பத்துப் பிள்ள."

"நான்?"

வின்சன்ட் ரோட்டுப் பக்கம் கையை நீட்டினார். "நாளையிலருந்து வர வேணாம்," என்றார். டொறீன் அந்தோனிமுத்துவைத் தாண்டி, திறக்காத பையோடு ரோட்டுக்கு வந்து பஸ் ஏறினாள். சோதனைச் சாவடியில் எல்லாரும் இறங்கி நடந்தபோது அவளும் இறங்கி, ஆமிக்காரனுக்குப் பையைத் திறந்து காட்டினாள். அவன் பஸ்ஸில் வந்த அத்தனை பேரின் பையையும் பார்த்தான். அவளுக்கு அதில் கோபம் வரவில்லை. தமிழச்சி என்று கண்டு அவள் அடையாள அட்டையை மட்டும் அவன் கூடுதலாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது வந்தது.

மறுநாள் காலையில் வழக்கமான நேரத்துக்கு வேலைக்கு வந்து நின்றாள். வின்சன்ட்டுக்கு நம்ப முடியவில்லை. "வர வேணாம்னு சொன்னேனே!"

"சொன்னீங்க சேர். எழுதித் தாங்க. எல்லாருக்கும் ஒரே சட்டம் போடச் சொன்னதுக்காக நிப்பாட்டுறேன்னு எழுதி, ஒங்க கையெழுத்தப் போட்டுத் தாங்க. வாங்கிட்டுப் போறேன்."

கூடத்தில் ஜுனைதீனும் மஸீனாவும் துடைத்த குப்பியையே துடைத்துக்கொண்டு காதைத் தீட்டி வைத்திருந்தார்கள். வின்சன்ட் தாளை எடுத்தார். பேனாவைத் திறந்தார். முதலாளிக்குத் தெரிந்தால் என்ன, தொழிற்சங்கம் என்று ஒன்று கிளம்பினால் என்ன, கோயிலில் தெரிந்தால் என்ன என்று அவர் மனசு எங்கெல்லாம் போய் வந்ததோ. வாயால் எதையும் சொல்லிவிடலாம். எழுதிக் கையெழுத்துப் போடப் போனால்தான் அது எவ்வளவு அசிங்கம் என்று தெரியும். பேனாவை மூடிவிட்டு எழுந்தார்.

ஆனால் அவர் லேசில் தோற்கிற ஆளில்லை. மத்தியானம் எல்லாரையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்: "இன்னையிலருந்து எல்லாருக்கும் சோதன. நான் உட்பட. டொறீன் கேட்டதுக்காகத்தான் செய்றேன், எல்லாரும் அவளுக்கு நன்றி சொல்லுங்க." அவர் நினைத்தது நடந்தது. மத்தியானச் சோற்றுக்கு அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. ஜுனைதீன் மட்டும் தூரத்தில் இருந்து தலையை ஆட்டினார். புத்தகம் மேசைக்கு வரவில்லை. ஒன்னாலதான் எங்களுக்கும் இந்தக் கேவலம் என்று நோபர்ட் முகத்துக்கு நேரேயே சொல்லிவிட்டான்.

சாயங்காலம் வாசலில் வரிசை நின்றது. டொறீன் முதல் ஆளாகப் போய் மேசையில் பையைக் கவிழ்த்தாள். சீப்பு, குடை, சாப்பாட்டுப் பெட்டி, ஒரு சின்ன வேதாகமம். அந்தோனிமுத்து சரி என்றார். அவள் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுக்கொண்டாள். போகவில்லை. சுவரோரம் நின்றாள். மஸீனா முகத்தைத் திருப்பிக்கொண்டு பையைக் காட்டிவிட்டுப் போனாள். ஜுனைதீன் பையோடு சட்டைப் பையையும் வெளியே இழுத்துக் காட்டினார்.

பிறகு நோபர்ட். அந்தோனிமுத்து அவன் சாப்பாட்டுப் பெட்டியை வெளியே எடுத்தார், எண்ணெய் நாறும் துவாயை எடுத்தார், மடித்து வைத்திருந்த சட்டையை விரித்து உதறினார். ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தெரிந்த ஆட்கள்தான், டவுன்காரர்கள். நோபர்ட்டின் காது சிவந்தது, உதடு துடித்தது. டொறீனைப் பார்த்தான். அழப்போகிற குரலில் கேட்டான்.

"என்னையப் பாத்தா கள்ளன் மாதிரியா இருக்கு?"

"இல்ல நோபர்ட்," என்றாள் டொறீன். "என்னையப் பாத்தா இருக்கா?"

அவன் விரித்துக் கிடந்த சட்டையை மடிக்காமலே பைக்குள் திணித்தான். வின்சன்ட் இவர்களைத் தாண்டிப் போய், தோல் பையை மோட்டார் சைக்கிளில் மாட்டிவிட்டு ஏறி உட்காரப் போனார். நோபர்ட் மேசையை விட்டு நகரவில்லை.

"சேர்," என்றான். "ஒங்க பையக் கொண்டாந்து வைங்க."